ஏழாயிரம் டாலர் போன இடம்

அத்தியாயம் 11

டேல் கோஸ்கெலா இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்ட கேள்வி, காலி ஊறுகாய் ஜாடியைத் திரும்பவும் குளிர்பெட்டிக்குள் வைத்தது யார் என்பது.

வைத்தது பிரிட்டா. அது டேலுக்கும் தெரியும், ரெனேவுக்கும் தெரியும். "நான் இல்லப்பா" என்று மாடியிலிருந்து குரல் வந்தபோது மூன்று பேருக்குமே அது பொய் என்று தெரிந்தது. டேல் ஜாடியைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விட்டார். காதுவரை குல்லாயை இழுத்துக்கொண்டு வெளியே போனார். மாவட்டச் சாலை முழுக்கப் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிற மனிதர், சொந்த வீட்டுப் பாதைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அன்று பாதி தூரம் அள்ளியிருந்தார். மண்வெட்டி பனிக் குவியலில் குத்தி நேராக நின்றது. அவர் விழுந்திருந்தார்.

அது ஜனவரி. இப்போது ஜூலை.

இடையில் நடந்தவை உங்களுக்கு நினைவிருக்கும். காப்பீட்டுப் பணம் வீட்டுக் கடனிலும் மருத்துவமனைக் கட்டணத்திலும் கரைந்தது. ஏப்ரலில், ஏரி நீர் பற்றிப் படிக்க பிரிட்டாவுக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசு கொஞ்சம், கல்லூரி நிறைய, கடன் கொஞ்சம் என்று எல்லாம் போக, குடும்பம் கட்ட வேண்டியது எட்டாயிரத்து இருநூறு டாலர் என்று கடிதம் வந்தது. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்காரும் ரெனேவிடம் அவ்வளவு இல்லை. டேலின் அக்கா மார்லிஸ் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "எட்டாயிரமா? கிளப் குலுக்கல்ல அதுக்கு மேலயே பன்றி வித்திருக்கோம்" என்று சொல்லி எழுந்து போனாள்.

பனியில் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டிக்காரர்களின் சங்கமான ஊர் பனிவண்டிக் கிளப்புக்கு மார்லிஸ்தான் செயலாளர். காட்டுப் பாதைகளைப் பனிவண்டிகளுக்காகச் சமன் செய்யும் வேலையை டேல் இருபது வருடம் சம்பளமில்லாமல் செய்திருந்தார். அவர் பெயரில் ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமையிலிருந்து பத்துச் சனிக்கிழமைகள் ஹேகன் மதுக்கூடத்தில் இறைச்சிக் குலுக்கல் நடந்தது. ஒரு டாலருக்கு ஒரு சீட்டு. சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறதோ, அந்த ஆள் ஒரு தட்டுப் பன்றி விலாவையோ புகையூட்டிய தொடையையோ தூக்கிக்கொண்டு போகலாம். பாதிப் பேர் ஜெயித்ததைத் திருப்பி மேசையில் வைத்து, மறுபடி குலுக்கச் சொன்னார்கள். ஏழாயிரம் டாலர் சேர்ந்தது. மார்லிஸ் ஜூன் கடைசியில் காசோலையை நேராகக் கல்லூரிக்கே அனுப்பிவைத்தாள்.

நேராகக் கல்லூரிக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் கர்ட் என்ற பையன் கிளப் கொடுத்த படிப்புப் பணத்தில் பழைய பனிவண்டி ஒன்றை வாங்கி, அதே வண்டியில் கிளப் கூட்டத்துக்கு வந்து இறங்கினான். அன்றிலிருந்து மாணவர் கையில் காசு கொடுப்பதில்லை என்பது கிளப்பின் சட்டம். சொந்தத் தம்பி மகளுக்காக மார்லிஸ் அந்தச் சட்டத்தை வளைக்கவில்லை. உதவி கேட்பவர் ஐநூறு வார்த்தைக் கட்டுரை எழுத வேண்டும் என்ற சட்டத்தையும் வளைக்கவில்லை; பிரிட்டா அப்பாவைப் பற்றி எழுதிக் கொடுத்தாள்.

இனி ரெனே கட்ட வேண்டியது ஆயிரத்து இருநூறுதான். அதை எடுத்தும் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு பிரிட்டா சமையலறையில் கைப்பேசியோடு நின்றாள்.

"அம்மா, இதைப் படி."

"கண்ணாடி எங்கயோ இருக்கு. நீயே படி."

"கல்லூரி மானியம் திருத்தப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"நல்லதுதானே."

"கீழ்ப்பக்கமா திருத்தியிருக்காங்க."

ரெனே கண்ணாடியைத் தேடி எடுத்தாள். ஏப்ரலில் கல்லூரி மானியம் முப்பதாயிரத்து முந்நூறு. இப்போது இருபத்து மூவாயிரத்து முந்நூறு. அதன் கீழே புதிதாக ஒரு வரி: வெளி உதவித்தொகை, பனிவண்டிக் கிளப், ஏழாயிரம். அதற்கும் கீழே, குடும்பப் பங்கு: எட்டாயிரத்து இருநூறு. கடைசித் தேதி ஆகஸ்ட் ஒன்று. இன்னும் சரியாக இரண்டு வாரம்.

அவள் அந்த நான்கு வரிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள்.

"அப்ப மார்லிஸ் அத்தை எனக்குக் குடுத்த பணம்?" என்றாள் பிரிட்டா.

"உன் பேரைச் சொல்லிக் கல்லூரிக்குக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

"கல்லூரிக்கு எதுக்கு? அவங்கதான் புதுசா உடற்பயிற்சிக் கூடம் கட்டறாங்களே." பிரிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா செத்ததை ஐநூறு வார்த்தையில எழுதுன்னு பதினோரு இடத்துல கேட்டாங்கம்மா. பதினோரு தடவையும் எழுதினேன். ஒரு இடத்துல மட்டும் ஐநூறுக்கு மேல போயிடுச்சுன்னு நாலு வார்த்தையை வெட்டினேன். எந்த நாலுன்னு இன்னும் ஞாபகம் இருக்கு."

ரெனே எந்த நாலு என்று கேட்கவில்லை.

"பேசாம இங்கயே இருந்துடறேன். ஹேகன்ல முழு நேரம் எடுத்துப்பாங்க. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மட்டுமே நூத்தம்பது டாலர் டிப்ஸ் வருது."

இந்த வாக்கியத்துக்காகத்தான் ரெனே ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். இப்போது அதை ரொட்டிக்கு வெண்ணெய் கேட்பதுபோலச் சாதாரணமாக அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

"மத்தியானம் நான் அவங்ககிட்ட பேசறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்காதே."

"அத்தைகிட்டகூடவா?"

"முக்கியமா அத்தைகிட்ட. இன்னிக்கு சாயங்காலம் அந்தப் பெரிய அட்டைக் காசோலையோட படம் எடுக்கணும்னு பத்திரிகைக்காரரை வரச் சொல்லியிருக்கா. மூணு வாரமா அதே பேச்சு. படம் எடுத்து முடியட்டும்."

பத்தரை மணிக்குப் பல் மருத்துவமனையின் மேசை முன்னால் வைனோ பெல்டோலா வந்து நின்றார். எழுபத்தெட்டு வயது. கையில் இரண்டு காப்பீட்டு அட்டைகள், சீட்டாட்டக்காரர் பிடிப்பதுபோல விரித்திருந்தார்.

"ரெண்டு கம்பெனிக்கும் மாசாமாசம் கட்டறேன், ரெனே. அப்ப ரெண்டு பேரும் தரணும்ல?"

"முதல் கம்பெனி குடுத்ததைக் கழிச்சுட்டுத்தான் ரெண்டாவது கம்பெனி குடுக்கும், வைனோ. இந்தப் பல்லுக்கு முதல் கம்பெனியே வேண்டிய அளவு குடுத்துட்டாங்க."

"அப்ப ரெண்டாவது கம்பெனி எனக்கு என்ன பண்ணுது?"

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

இதை அவள் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சொல்கிறவள். குரலைத் தாழ்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. பதினான்கு வருடப் பழக்கம். இன்று சொல்லி முடித்ததும் காது சுட்டது.

வைனோ அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உன் குரல் நல்லா இருக்கு. விஷயம்தான் நல்லா இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதிய இடைவேளையில் ரெனே காரில் உட்கார்ந்து கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மடியில் சாண்ட்விச்சோடு நிதியுதவி அலுவலகத்தை அழைத்தாள். முப்பத்தேழு நிமிடம் பியானோ வாசித்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றார்கள். பிறகு ஆட்ரா என்ற பெண் வந்தாள்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது, மிஸஸ் கோஸ்கெலா."

தாழ்ந்த குரல். தலையைச் சாய்த்திருப்பாள் என்பதுகூட ரெனேவுக்குத் தெரிந்தது. கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

"பிரிட்டாவுக்கு எவ்வளவு தேவைன்னு ஒரு கணக்கு இருக்கு," என்றாள் ஆட்ரா. "அதை ஏப்ரல்லயே முழுசாக் குடுத்துட்டோம். வெளியில இருந்து பணம் வந்தா, அதுவும் அந்தத் தேவைக்குள்ளதான் அடங்கும். அந்த அளவுக்கு எங்க மானியம் குறையும்."

"குடும்பப் பங்குல கழிச்சுக்கக் கூடாதா?"

"அது உங்களால கட்ட முடியும்னு கணக்கு சொன்ன தொகை. அது தேவையில சேராது."

"எந்தக் கணக்கு? ரெண்டு சம்பளம் இருந்த வருஷத்துக் கணக்கு. இப்ப ஒரு சம்பளம்தான் இருக்கு. அவரோட மரணச் சான்றிதழை ரெண்டு தடவை அனுப்பிட்டேன்."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம். தட்டி நின்று, மறுபடி தட்டும் சத்தம்.

"மார்ச்ல ஒண்ணு வந்திருக்கு. ஏப்ரல்ல ஒண்ணு வந்திருக்கு. ரெண்டும் சேர்க்கைப் பிரிவு ஃபைல்ல இருக்கு. எங்க ஃபைல்ல இல்ல."

"ரெண்டும் வேற வேற கட்டடமா?"

"இல்ல." ஆட்ரா கொஞ்சம் தயங்கினாள். "ஒரே மாடிதான்."

ரெனே காரின் முன்கண்ணாடி வழியாகக் குப்பைத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தாள். கத்தலாமா என்று யோசித்தாள். இந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து எத்தனை பேர் கத்தினார்களோ.

"ஒரே மாடி," என்று மட்டும் சொன்னாள்.

அந்த இரண்டு வார்த்தைகள் என்ன செய்தனவோ, ஆட்ராவின் அலுவலகக் குரல் கழன்று விழுந்தது. "இருங்க, நான் இப்பவே எங்க பக்கம் மாத்திக்கறேன். பாருங்க, இப்படி அப்பா அம்மா யாராவது இறந்துபோன குடும்பத்துக்கு, வெளி உதவித்தொகையைக் குடும்பப் பங்குல கழிச்சு, வெட்டின மானியத்தையும் திருப்பிக் குடுக்க எங்க இயக்குநருக்கு அதிகாரம் இருக்கு. புதன்கிழமை ஃபைலை அவங்க மேசைல வைக்கறேன். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இந்த வருஷம் ரெண்டு பேருக்குச் செஞ்சிருக்காங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுதான் முக்கியம். புதன் வரைக்கும் ஃபைல்ல எதுவும் அசையக் கூடாது. அந்தக் கிளப் பணம் இருக்கிற இடத்துலயே இருக்கணும். அது போயிட்டா, கழிக்கறதுக்கே ஒண்ணும் இல்லாம போயிடும். வெட்டின மானியமும் தானா திரும்ப வராது. அதுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கமிட்டி. செப்டம்பர்ல கூடுவாங்க."

ரெனே நன்றி சொல்லி வைத்தாள். பிரிட்டாவுக்குச் செய்தி அனுப்பலாமா என்று நினைத்தாள். பதினோரு மணிக்கே ஹேகனில் வேலைக்குப் போயிருப்பாள். அங்கே கைப்பேசியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆறு மணிக்கு நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் முதல் முறையாக ஒரு சாண்ட்விச்சை ஓரம்கூட விடாமல் தின்று முடித்தாள்.

ஹேகன் மதுக்கூடத்தில் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். உள்ளே பொரித்த மீன் வாசனையும் வறுத்த உருளைக்கிழங்கு வாசனையும் கதவு வரை வந்து நின்றன. குலுக்கல் சக்கரத்தின் அடியில் ஆறடி நீள அட்டைக் காசோலை சாய்த்து வைத்திருந்தது. மேலே டேலின் பெயர், கீழே மார்லிஸின் பெரிய கையெழுத்து.

பிரிட்டா கையில் மூன்று தட்டுகளோடு கடந்து போனாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கண்ணிமை வீங்கியிருந்தது.

"வந்தியா, உட்காரு," என்றாள் சமையலறை ஏப்ரனோடு உட்கார்ந்திருந்த மார்லிஸ். முகத்தில் பெரிய திருப்தி. "முதல்ல சாப்பிடு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

"எதை?"

"அவளைத் திட்டாதே. நீ சொல்லாதேன்னு சொன்னியாம். நான்தான் இந்த அட்டையைப் பிடிச்சு ஒரு தடவை சிரிச்சுக் காட்டு கண்ணுன்னு சொன்னேன். சாலடுக்கு முட்டைக்கோஸ் வெட்டிக்கிட்டிருந்தவ அப்படியே அழுதுட்டா. எல்லாம் வெளிய வந்துடுச்சு." மார்லிஸ் மேசைமேல் குனிந்தாள். "ஏழாயிரம் டாலர், ரெனே. எத்தனை பன்றி தெரியுமா அது? பெல்டோலா கிழவன் பல்லே இல்லாம பன்னெண்டு தட்டு விலா ஜெயிச்சான், பன்னெண்டையும் திருப்பிக் குடுத்தான். அதை வாங்கி அந்தக் கல்லூரிக்காரன் தன் பையில போட்டுப்பானா?"

உட்காரப்போன ரெனே நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.

"மார்லிஸ். என்ன பண்ணீங்க?"

"ஃபோன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். ரொம்ப மரியாதையான பையன். கிளப் செயலாளர் பேசறேன், எங்க பணத்தை எங்களுக்கே திருப்பி அனுப்புன்னு சொன்னேன். ஒரு மெயில் போடச் சொன்னான், போட்டேன். நான் லைன்ல இருக்கும்போதே முடிச்சுட்டான்."

"உடனே எடுத்தாங்களா ஃபோனை?"

"ரெண்டாவது மணியிலயே."

"எத்தனை மணிக்கு?"

"நாலேகால். ஏன்?"

வெள்ளிக்கிழமைகளில் அந்த அலுவலகம் நாலரைக்கு மூடிவிடும். ரெனே மத்தியானம் கேட்டதை எல்லாம் சொன்னாள். சேர்க்கைப் பிரிவு, ஒரே மாடி, புதன்கிழமை, இயக்குநர். பணம் அசையக் கூடாது என்பதைச் சொல்லும்போது குரல் தாழவுமில்லை, தலை சாயவுமில்லை. பக்கத்து மேசையில் ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்பதை நிறுத்தினார்.

மார்லிஸின் முகத்திலிருந்து திருப்தி மெதுவாக வடிந்தது. அவளுக்கு அறுபத்தொரு வயது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீ ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க ஏன் என்னைக் கேக்கல?"

"ஆறு மணிக்கு வர்றவளை நாலு மணிக்கு எப்படிக் கேப்பேன்? வேலை நேரத்துல ஃபோன் பண்ணாதேன்னு நீதானே சொல்லியிருக்கே."

"அது நீங்க உருளைக்கிழங்கு விலை சொல்ல ஃபோன் பண்ணினதுக்குச் சொன்னது."

"நான் எதுக்குத்தான் ஃபோன் பண்ணலாம்னு ஒரு பட்டியல் போட்டுக் குடு."

பிரிட்டா காலித் தட்டுகளோடு திரும்பி வந்து நின்றிருந்தாள். "தப்பு என்மேலதான். நான்தான் அத்தைகிட்டச் சொன்னேன்."

"இந்தக் குடும்பத்துல யாருமே ஒரு நாள், ஒரே ஒரு நாள், சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் ரெனே. சொல்லும்போதே தெரிந்தது, காலையில் எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி, மத்தியானம் வாயை மூடிக்கொண்டு மீனுக்காகக் காத்திருந்தவள் அவளேதான் என்று.

மார்லிஸ் மேசைவிரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினாள். "ஜனவரியில நான் அரை மணி தள்ளி வந்தேன். பாதை பாதி அள்ளியிருந்தது. மீதியை நான் அள்ளினேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல." நீவுவதை நிறுத்தினாள். "இன்னிக்காவது லேட்டாக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

அந்தப் பாதையை முழுதாக அள்ளியது யார் என்று இந்த ஆறு மாதத்தில் ரெனே யோசித்ததே இல்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதை வீச வேண்டிய ஆள் இப்போது எதிரில் இல்லை.

பத்திரிகைக்காரர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "சீக்கிரம் நில்லுங்க. ஏழு மணிக்கு எனக்குச் சின்னப் பசங்க பேஸ்பால் ஆட்டம் இருக்கு."

யாரும் நகரவில்லை. பிறகு மார்லிஸ் எழுந்து அட்டையின் இடது பக்கத்தைப் பிடித்தாள். ரெனே வலது பக்கம். பிரிட்டா ஏப்ரனைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றாள். பக்கத்து மேசைகளில் கை தட்டினார்கள். வைனோ பெல்டோலா எழுந்து நின்று தட்டினார்.

"இந்த அட்டையில இருக்கிற பணம் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று பிரிட்டா உதடு அசையாமல் கேட்டாள்.

"தெரியல. சிரி."

"பத்திரிகைக்காரன் கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள் மார்லிஸ், அவளும் உதடு அசையாமல்.

"காலி ஊறுகாய் ஜாடில ஊறப்போட்டிருக்கோம்னு சொல்லுங்க."

பிரிட்டாவிடமிருந்து ஒரு சிரிப்பு தப்பி வந்தது. பத்திரிகைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் அடுத்த வாரம் மூன்றாம் பக்கத்தில் வரும். பார்க்கிறவர்கள், பாவம், இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல காலம் வந்தது என்பார்கள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆஃபீஸ் திறக்கும்," என்றாள் மார்லிஸ். "நான் நேர்லயே போறேன். அஞ்சு மணி நேர ஓட்டம்தானே. ராத்திரியே கிளம்பினா..."

"நீங்க எங்கயும் போக வேண்டாம்."

"ஃபோன்ல முப்பத்தேழு நிமிஷம் பியானோ கேக்கப் போறியா?"

"மார்லிஸ், திங்கக்கிழமை வரைக்கும் எதையும் தொடாதீங்க. ஃபோனைக்கூட."

மார்லிஸ் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கார் சாவி அவள் ஏப்ரன் பையில் கிலுகிலுத்தது.

ரெனே வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றாள். ஏரிக்கு மேலே வெயில் இன்னும் நன்றாகவே இருந்தது. கல்லூரி இணையதளத்தில் பிரிட்டாவின் கணக்குப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் திறந்தாள். கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டாள்.

வெளி உதவித்தொகை என்ற வரிக்கு எதிரே, திருப்பி அனுப்பப்பட்டது, மாலை 4:21 என்று புதிதாக எழுதியிருந்தது. குடும்பப் பங்கு பதினைந்தாயிரத்து இருநூறு ஆகியிருந்தது. மேலே, கல்லூரி மானியம் காலையில் இருந்தபடியே இருபத்து மூவாயிரத்து முந்நூறு.